சுருக்குமடி வலையும் நாமும்

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்குக் கடல் தொலைவில் உள்ளது. தறியும் நிலமும் கோழிப்பண்ணையுமே நம் பிழைப்பு. ஆகையால், சுருக்குமடி வலையை அறவே தடுப்பதா, வரம்பிட்டு அனுமதிப்பதா என்று கடற்கரை மாவட்டங்களில் பல ஆண்டுகளாக நடந்துவரும் வாதம் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று உறுப்பினர் பலர் கருதக்கூடும். அங்ஙனம் கருதுவது தவறு என்பதே என் துணிபு. அதற்குக் காரணங்கள் இரண்டு. கரையோர மீனவர் இன்று கேட்கும் பாதுகாப்பு, கைத்தறியாளராகிய நாம் முன்னர் கேட்டுப் பெற்ற பாதுகாப்பின் இனத்தைச் சேர்ந்தது என்பது ஒன்று. கடலில் வலைகள் வாரும் மீனில் ஒரு பங்கு நம் கோழிகளின் தீவனத்தொட்டிக்கு வந்து சேர்கிறது என்பது மற்றொன்று.

வலையின் இயல்பு

நம் பாட்டிமார் இடுப்பில் செருகிக்கொள்ளும் சுருக்குப்பையை அறியாதார் இலர். வாய்ப்புறம் கயிறு கோத்திருக்கும். கயிற்றை இழுத்தால் பை மூடிக்கொள்ளும். சுருக்குமடி வலையின் தத்துவமும் இதுவே. மேல்விளிம்பில் மிதவைகளும், கீழ்விளிம்பில் ஈயக் குண்டுகளும் வளையங்களும் கட்டிய நெடிய வலைச்சுவர் அது. சாளை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் பெருங்கூட்டமாகத் திரியும் இயல்பின. அக்கூட்டத்தைக் கண்டவுடன் படகு அதனைச் சுற்றி வலையை விட்டு வருகிறது. பின்னர் வளையங்களின் ஊடே செல்லும் கயிற்றை இழுத்தால் அடிப்புறம் சுருங்கி மூடுகிறது. உள்ளே அகப்பட்ட கூட்டம் பெரிதும் சிறிதுமாக முழுவதும் படகுக்கு வந்துவிடுகிறது.

சிறு படகினர் இடும் செவுள் வலையோ வேறு வகை. அதன் கண்ணளவுக்குப் பெரிய மீன் தலையை நுழைத்துச் செவுளில் மாட்டிக்கொள்ளும். சிறிய குஞ்சு கண்ணின் வழியே வெளியேறிவிடும். ஒன்று கூட்டத்தில் சிலவற்றைப் பிடிக்கும் கருவி. மற்றொன்று கூட்டத்தையே பிடிக்கும் கருவி. இந்த வேறுபாட்டிலிருந்தே வழக்கு முழுவதும் பிறக்கிறது.

சட்டம் வந்த வழி

பொதுநீரில் எவரும் எவ்வாறும் மீன் பிடிக்கலாம் என்பது எங்கும் விதியன்று. நம் அண்டையிலுள்ள மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் உரிமம் பெற்றவரே வலை வீச முடியும். கடலிலும் அத்தகைய வரம்புகள் நெடுநாளாக உண்டு. சட்டம் தலையிடுவதற்கு முன்னரே சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள் சில, தங்கள் கடலில் சுருக்குவலை இடலாகாது என்று தாமே கட்டுப்பாடு செய்திருந்தன.

சுதந்திரத்திற்குப் பின்னர் இயந்திரப் படகும், நைலான் வலையும், கடலின் தரையைத் துழாவிச் செல்லும் இழுவைமடியும் பரவின. கட்டுமரத்தாருக்கும் இயந்திரப் படகினருக்கும் 1970களின் இறுதியில் கடுமையான மோதல்கள் நேர்ந்தன. அதன் பின்னரே 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. கரையை ஒட்டிய கடல் சிறு மீனவருக்கென ஒதுக்கப்பட்டது. சட்டம் வந்த காலத்தில் அந்த ஒதுக்கம் 3 கடல் மைல், அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர். மீன் இனம் பெருகும் பருவத்தில் இயந்திரப் படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்ற தடை 2001இல் 45 நாட்களாகத் தொடங்கியது. இப்போது கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களாக நீடிக்கிறது.

சுருக்குமடியையும், இரு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடியையும் தமிழக அரசு 2000ஆம் ஆண்டில் தடை செய்தது. தடை ஏட்டில் இருந்தது. வலைகள் கடலில் இருந்தன. 2021 ஜூலையில் பூம்புகார், திருமுல்லைவாசல் பகுதிகளின் மீனவர், சுருக்குமடிக்கு அனுமதி வேண்டுமென்று போராடினர். அதே கரையின் பிற ஊர் மீனவர், தடை நிலைக்க வேண்டுமென்று போராடினர். 2022 பிப்ரவரியில் அரசு மீண்டும் தடையை உறுதிசெய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2023 ஜனவரி 24ஆம் நாள் அந்நீதிமன்றம் இடைக்கால ஆணை ஒன்றை வழங்கியது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரையிலான மாநிலக் கடலில் அனுமதி இல்லை. அதற்கு அப்பால் திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்களில் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, பதிவு பெற்ற படகுகள், இருப்பிடம் காட்டும் கருவியைப் பொருத்திக்கொண்டு தொழில் செய்யலாம் என்பது அதன் சாரம்.

இரு தரப்பின் நியாயம்

நாம் ஒரு பக்கம் சாய்வதற்கு முன் எதிர்த்தரப்பின் வாதத்தைச் செவ்வையாகக் கேட்டல் முறையாகும்.

சுருக்குமடி வைத்திருப்போர் அனைவரும் பெருஞ்செல்வர் அல்லர். பல ஊர்களில் பலர் பங்கு சேர்ந்து, கடன் வாங்கி, வலையும் படகும் வாங்கியிருக்கின்றனர். ‘பிற மாநிலக் கடல்களில் இயங்கும் வலை எங்களுக்கு மட்டும் ஏன் குற்றம்?’ என்று அவர்கள் கேட்கின்றனர். ‘எங்கள் வலை கடலின் தரையைத் தொடுவதில்லை, இழுவைமடி செய்யும் அழிவை நாங்கள் செய்வதில்லை’ என்கின்றனர். இதில் உண்மை உண்டு. மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழுவும், இவ்வலையால் மட்டுமே மீன்வளத்திற்குப் பெருங்கேடு விளைந்துவிட்டதாகக் கூறவில்லை. மாநிலக் கடலுக்கு அப்பால் நிபந்தனைகளுடன் அனுமதிக்கலாம் என்றே கருத்துரைத்தது.

அண்டைக் கேரளத்தின் அனுபவமும் கருதத்தக்கது. அங்கே 2012இல் சாளை மீன் ஏறத்தாழ 4 இலட்சம் டன் கரைசேர்ந்தது. 2021இல் அது 3,300 டன் அளவுக்கு வீழ்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே மீண்டும் இலட்சம் டன்னைக் கடந்தது. கடல் நீரின் வெப்பமும் பருவக்காற்றும் மாறும்போது சாளை தானே பெருகும், தானே குறையும் என்பதற்கு இது சான்று. ஆகவே, மீன் குறைந்ததற்கெல்லாம் வலையே காரணம் என்று கூறுவது நேர்மையன்று.

ஆயினும் இதே சான்று மறுபக்கமும் பேசுகிறது. தானே ஏறி இறங்கும் இயல்புடைய வளம், இறங்கியிருக்கும் ஆண்டில் என்ன ஆகும்? எஞ்சிய கூட்டத்தையும் குஞ்சோடு சேர்த்து வாரும் ஆற்றல் படகில் இருந்தால், மீண்டும் பெருகுவதற்கு வேண்டிய விதை எங்கிருந்து வரும்? மழை பொய்த்த ஆண்டில் விதைநெல்லை உண்டவன் அடுத்த ஆண்டு மழை பெய்தும் பயன் அடையமாட்டான் என்பதைக் குடியானவருக்கு விளக்கிக் கூற வேண்டியதில்லை.

இதனினும் பெரிது பங்கீட்டின் கேள்வி. கடலில் மீன் குறையாதென்றே வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய வலை ஒரே வீச்சில் கொள்ளும் மீன், சிறு படகினர் பலருக்குப் பல நாள் பிழைப்பாகும். மிகுதியாக ஒரே நாளில் கரைக்கு வரும் மீனால் ஏலத்தில் விலையும் சரிகிறது. அப்போது சிறு படகினன் கொண்டுவந்த சிறு கூடைக்கும் விலை இல்லை. கடல் யாவருக்கும் பொது என்னும் சொல், பெரிய கருவி உடையவனுக்கே கடல் என்று பொருள்படத் தொடங்கினால், அங்கே வரம்பு இடுவது அரசின் கடமையாகும்.

நாம் கேட்ட வரம்பு

நெசவாளர்களே, இவ்வாதம் உங்கள் செவிக்குப் புதிதா? அம்மாப்பேட்டையிலும் குகையிலும் இராசிபுரத்திலும் குழித்தறியில் கால் வைத்து நெய்தவர் கேட்டதும் இதுதானே? கைத்தறியால் விசைத்தறியின் வேகத்தோடு போட்டியிட இயலாது. ஆகவே சில துணிவகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்குங்கள் என்றோம். 1985இல் கைத்தறிப் பொருள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அதனை எதிர்த்தவர் நீதிமன்றம் சென்றனர்; 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் முதலியவற்றில் குறிப்பிட்ட வகைகள் இன்றும் நமக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. தமக்கு வரம்பு கேட்டுப் பெற்ற நாம், பிறர் அதே வரம்பைக் கேட்கும்போது ‘அது கடற்கரைச் சங்கதி’ என்று ஒதுங்கினால், நம் கோரிக்கை நியாயத்தின்மீது எழுந்ததன்று, தன்னலத்தின்மீது எழுந்தது என்றாகிவிடும்.

அதே வேளையில், அச்சட்டத்தின் பின்வரலாறு நமக்குக் கற்பித்த பாடங்களையும் கடற்கரைச் சகோதரர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டும்.

முதற்பாடம்: காவல் இல்லாத வரம்பு கரைந்துபோகும். தொடக்கத்தில் 22 வகைப் பொருள்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. பின்னர் அவை 11 ஆகக் குறைந்தன. எஞ்சியவற்றையும் விசைத்தறியில் நெய்து கைத்தறி என்ற பெயரால் விற்பது நின்றபாடில்லை. கடைவீதியில் கண்ணெதிரே நடப்பதையே தடுக்க இயலாதபோது, நடுக்கடலில் நடப்பதை எங்ஙனம் தடுப்பது? படகின் இருப்பிடம் காட்டும் கருவியும், கரையில் இறங்கும் மீனைச் சோதிக்கும் ஆட்களும், அவ்வூர் மீனவரின் ஒத்துழைப்பும் இல்லாமல் எந்த ஆணையும் வலையை நிறுத்தாது.

இரண்டாம் பாடம்: வரம்பு மட்டும் சோறு போடாது. ஒதுக்கீட்டுச் சட்டத்திற்கு ஐம்பது ஆண்டு முன்னரே, 1935இல், கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. நூல் கொடுக்கவும், நெய்ததை வாங்கவும், விற்கவும் ஒரு கூட்டுறவு அமைப்பு இருந்ததனாலேயே பல்லாயிரம் தறிகள் ஓடின. கரையோரக் கடலைச் சிறு மீனவருக்கு ஒதுக்கிவிட்டு, பனிக்கட்டியும் கடனும் ஏலத்துறையும் தரகர் கையிலேயே இருக்க விட்டால், ஒதுக்கத்தின் பயனும் தரகருக்கே போய்ச் சேரும்.

மூன்றாம் பாடம்: எதிர்த்தரப்பினரும் நம்மவரே. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறியில் இரவெல்லாம் நின்று உழைப்பவர் வேற்று நாட்டார் அல்லர். நம் உறவினர், நம் அண்டை வீட்டார். அவ்வாறே சுருக்குமடியை இழுக்கும் கையும் மீனவன் கையே. வலையைப் பறிமுதல் செய்தால் மட்டும் போதுமா? அவ்வலைக்குப் பட்ட கடனை யார் அடைப்பது?

மாற்றுத் தொழிலுக்கு வழி காட்டாத தடை எவ்வளவு தடுமாறும் என்பதற்குப் பாக் நீரிணை ஓர் எடுத்துக்காட்டு. இலங்கை 2017இல் தன் கடலில் இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்தது. அதே ஆண்டு ஜூலையில் நம் பக்கத்து இழுவைப் படகுகளை மாற்றி, ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகுகளை வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. படகு ஒன்றுக்கு 80 இலட்சம் ரூபாய். அதில் மத்திய அரசு 50 சதவீதமும் மாநில அரசு 20 சதவீதமும் கொடுக்கும். 20 சதவீதம் வங்கிக் கடன். மீனவர் 10 சதவீதம் கொடுக்க வேண்டும். மூன்றாண்டில் 2,000 படகுகள் என்பது இலக்கு. குறித்த காலத்தில் அது நிறைவேறவில்லை. மானியம் தாராளமானதே. எனினும் 8 இலட்சம் கைப்பணமும் 16 இலட்சம் கடனும், பல நாள் ஆழ்கடலில் தங்கிச் செய்யும் பழகாத தொழிலும் ஒரு குடும்பம் தனித்துத் தாங்கும் சுமையல்ல. இதனைத் தாங்க வல்லது கூட்டுறவே. படகு சங்கத்தினுடையதாக, பயிற்சி சங்கத்தின் பொறுப்பாக, நட்டத்தைப் பலர் பகிர்ந்துகொள்வதாக அமைந்தாலன்றி இத்தகைய மாற்றம் கைகூடாது.

தீவனத்தொட்டியில் நம் பங்கு

நிற்க. இதுவரை கூறியது அனுதாபத்தின்பாற் பட்டது. இனிக் கூறுவது நம் பொறுப்பைப் பற்றியது.

நாமக்கல் வட்டாரம் தமிழகத்தின் முட்டைக் களஞ்சியம். பள்ளிச் சிறார்க்கு மதிய உணவில் கிடைக்கும் முட்டை இங்கிருந்து செல்கிறது என்பதில் நாம் பெருமை கொள்கிறோம். அக்கோழிகளுக்குப் புரதம் வேண்டும். சோயாப் பிண்ணாக்கோடு உலர்மீனும் மீன்தூளும் தீவனத்தில் சேர்க்கப்படுகின்றன. இராமேசுவரம் பக்கத்தில் ‘சங்காயம்’ என்பார்கள். இழுவைமடியில் அகப்பட்டு, மனிதர் உண்ணுவதற்கு விலைபோகாத சிறு மீனும் குஞ்சும் கலந்த கழிவு அது. முன்னாளில் அதனைக் கடலிலேயே கொட்டிவிடுவது வழக்கம். கோழித் தீவனத்திற்கும் மீன்தூள் ஆலைக்கும் அது வேண்டியதாயிற்று; அதற்கும் ஒரு விலை பிறந்தது. விலை பிறந்த பின்னர் அது கழிவாக இல்லை. நல்ல மீன் குறைந்த நாளிலும் டீசல் செலவுக்கு ஈடுகட்டும் சரக்காகிவிட்டது. சுருக்குமடியில் ஒரே நாளில் வந்து குவியும் சாளையும் சந்தை கொள்ளாதபோது மீன்தூள் ஆலையையே நாடுகிறது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். நல்ல மீன் அருகியவுடன் படகு ஓட்டுவது நட்டமாகும்; படகுகள் ஓயும்; கடல் மூச்சு விடும். இது இயற்கையாக அமைந்த ஒரு தடை. குஞ்சுக்கும் கழிவுக்கும் நாம் விலை கொடுப்பதால் அந்தத் தடை நீங்கிவிடுகிறது. வளம் குன்றிய பின்னும் வலை ஓயாமல் ஓட, கடலைக் காணாத நாமக்கல்லின் பணமும் எண்ணெய் வார்க்கிறது. மணலும் உப்பும் கலந்து எடை ஏற்றப்பட்ட உலர்மீனை வாங்கி ஏமாறும் பண்ணையாளருக்கும் இதனால் ஆதாயம் மிகுதி என்று கூறுவதற்கில்லை.

ஒரு சோதனை

‘பெரிய வலைக்கு வரம்பு வேண்டும்’ என்று கூற நமக்குத் தகுதி உண்டா என்று கடற்கரையார் நம்மைத் திருப்பிக் கேட்கலாம். நம் கடல் நிலத்தடி நீர். கமலை பூட்டி இறைத்த காலத்தில் கிணறு ஊறும் அளவே நீர் எடுத்தோம். இன்று ஆயிரம் அடி ஆழ்துளையிடுபவன், அறுபதடிக் கிணறு வைத்திருக்கும் அண்டை நிலத்தானின் நீரையும் சேர்த்தே இறைக்கிறான். இதுவும் ஒரு சுருக்குமடியே. 2003இல் தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றப்பட்டது. அது முறையாக நடைமுறைக்கு வராமலே 2013இல் நீக்கப்பட்டது. அது போனதற்கு நம்முள் வருந்தியவர் எத்தனை பேர்? பிறன் கடலுக்கு வரம்பு கேட்பவன் தன் தோட்டத்து வரம்பைப் பற்றியும் பேசத் துணிய வேண்டும். இதனைக் கூறுவது வாதத்தைத் தளர்த்துவதற்கன்று. நம் ஆதரவு வெறும் வாய்ச்சொல்லாக நின்றுவிடலாகாது என்பதற்கே.

செய்யத்தக்கவை

முடிவாக என் கருத்து இது. மாநிலக் கடலான 12 கடல் மைலுக்குள் சுருக்குமடிக்கு இடம் கொடுத்தலாகாது. அதற்கு அப்பால் நீதிமன்றம் காட்டிய வழியில், எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்து, கண்காணிப்புடன் அனுமதிப்பதை எதிர்க்க வேண்டியதில்லை. வலையைக் கைவிடுவோரின் கடனுக்கும் மாற்றுத் தொழிலுக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் வழியாக அரசு பொறுப்பேற்க வேண்டும். இம்மூன்றும் சேர்ந்தே நிற்கும். ஒன்றை விட்டால் மற்றவை நில்லா.

நம் சங்கங்கள் செய்யக்கூடியவை மூன்று. அடுத்த பொதுக்குழுவில் மேற்கண்ட பொருளில் தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்பலாம். கைத்தறி ஒதுக்கீட்டிற்குக் காவல் கேட்கும் தீர்மானத்தோடு இதனையும் இணைத்தால் இரண்டுக்கும் வலிமை கூடும். பண்ணை உறுப்பினர்கள், தீவனம் தருவோரிடம் உலர்மீன் எங்கிருந்து, எவ்வகை மீனிலிருந்து வருகிறது என்று கேட்டு, குஞ்சுமீன் கலந்த சரக்கை மறுக்கலாம். தனி ஒருவர் மறுத்தால் வியாபாரி நகைப்பான், சங்கம் மறுத்தால் செவிசாய்ப்பான். மூன்றாவதாக, நம் துண்டும் லுங்கியும் கடற்கரைச் சங்கங்களுக்கும், அவர்களுடைய தரமான கருவாடு நம் சங்கங்களுக்கும் தரகரின்றிச் செல்ல ஏற்பாடு செய்யலாம். கூட்டுறவுச் சங்கங்கள் தமக்குள்ளும் கூட்டுறவு கொள்ள வேண்டும் என்பது 1966இல் சர்வதேசக் கூட்டுறவு ஐக்கியம் ஏற்றுக்கொண்ட கொள்கை. ஏட்டில் உள்ள அக்கொள்கைக்கு உயிர் கொடுக்க இதனினும் நல்ல தொடக்கம் வேறில்லை.

வலியவனின் கருவிக்கு எல்லை இடுவதும், எளியவனின் கைக்குத் துணை நிற்பதும் கூட்டுறவு இயக்கம் பிறந்த நாள்முதல் மேற்கொண்ட பணிகள். அப்பணி தறியில் தொடங்கிற்று. நிலத்திற்கும் கடலுக்கும் அதுவே நெறியாகும். உறுப்பினர்கள் இதனை ஆழ்ந்து எண்ணி, பொதுக்குழுவில் தம் கருத்தை அஞ்சாது எடுத்துரைப்பார்களாக.